சட்டத்தரணியை மாற்றும் வேளை
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





ஆண்டு விழாவிலே சமயம் பற்றியோ தமிழ் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். இம்முறை வழக்கு பற்றியே பேசுங்கள் என்று மன்றத்து இளைஞர்கள் கேட்டுக்கொண்டனர். அதற்குக் காரணம் உண்டு. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, உறுதிகளை இழந்து, திரும்பி வந்தபோது வயலிலே வேறொருவர் நிற்கக் கண்டவர்கள் படுவான்கரையில் ஒருவர் இருவர் அல்லர். அவர்களிற் பலர் வழக்குக்குப் போனார்கள். போனவர்கள் எல்லாரும் ஒருநாள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இந்தச் சட்டத்தரணியோடு இருப்பதா, வேறொருவரிடம் போவதா?"

இக்கேள்விக்கு நாம் ஒருமுறை தவறாக விடை கண்டோம். அதைச் சொல்லாமல் உபதேசம் செய்வது நேர்மையாகாது.

எமது குடும்பத்து வயற்காணி பற்றிய வழக்கு ஆண்டுக்கணக்காக நடந்தது. தவணைக்கு மேல் தவணை. எமது சட்டத்தரணி பேசுவது குறைவு. நாம் கேட்பதும் குறைவு. ஒருநாள் எமது மைத்துனர் கோபங்கொண்டு கடதாசிக் கட்டை வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். பழையவர் தம்மை விலக்கிவிட்டார்கள் என்று எண்ணி அடுத்த தவணைக்கு வரவில்லை. பழைய நியமனம் ரத்தாகாதபடியால் புதியவரும் அன்று முன்னிலையாகவில்லை. சட்டத்தரணி பார்த்துக்கொள்வார் என்று நாம் அறுவடைக்குப் போய்விட்டோம். வழக்காளி தரப்பில் ஒருவரும் இல்லை என்று வழக்குத் தள்ளுபடியாயிற்று. காரணங் காட்டி விண்ணப்பித்து அதை மீண்டும் ஏட்டில் ஏற்றுவதற்குள் இரண்டு போகம் கழிந்தன. தீர்ப்பு எமக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் அந்த வரப்பிலே திரும்ப நடக்கவேண்டும் என்று காத்திருந்த எங்கள் தாயார் அதற்குமுன் கண்மூடிவிட்டார். குற்றம் இரு சட்டத்தரணிகளிடமும் இல்லை, எம்மிடமே இருந்தது. மாற்றியது பிழையன்று. மாற்றிய விதமே பிழை.

பெரியோர்களுக்கு அப்புக்காத்து, பிறக்கிறாசி என்ற இரு சொற்களும் நினைவிருக்கும். பத்திரம் எழுதித் தாக்கல் செய்பவர் பிறக்கிறாசி. எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் இருவரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவந்தது. பெயர் ஒன்றானாலும் வேலை இன்றும் இரண்டாகவே நடப்பதுண்டு. வழக்கேட்டிலே பெயர் பதிவாகிப் பத்திரங்களுக்குக் கையொப்பமிடுபவர் ஒருவர். அவர் சொற்படி வந்து வாதாடுபவர் இன்னொருவர். ஆகவே, குறை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வாதந்தான் போதாது என்றால், பதிவிலுள்ளவரை வைத்துக்கொண்டே வாதாடுபவரை மட்டும் மாற்றலாம். வீட்டுக் கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவோமா, அத்திவாரத்தைத் தோண்டுவோமா?

இனி, எப்போது மாற்றலாகாது என்று சொல்லுகின்றோம். ஒரு தவணையில் ஒரு கட்டளை எமக்கு எதிராக வந்தது என்பதற்காக மாற்றலாகாது. வழக்கு நீளுகிறது என்பதற்காக மட்டும் மாற்றலாகாது. நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்திருப்பதற்குச் சட்டத்தரணி என்ன செய்வார்? "உங்கள் உறுதியில் பலவீனம் இருக்கிறது, இணக்கத்துக்குப் போவது நல்லது" என்று கசப்பான உண்மையைச் சொன்னவரைக் கைவிடுவது பெரும்பிழை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! நீதிமன்ற வாசலிலே நின்று, "என்னோடு வாருங்கள், வென்று தருபவரிடம் கூட்டிப்போகிறேன்" என்று கையைப் பிடிக்கும் தரகரின் சொல்லுக்காக ஒருபோதும் மாற்றலாகாது. வெற்றிக்கு உத்தரவாதம் தருபவர் எவரோ அவரிடந்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

எப்போது மாற்ற வேண்டும்? தவணை எப்போது என்று கேட்டும் சொல்லாதபோது. தவணைகளுக்குத் தாமும் வராமல், வேறொருவரையும் அனுப்பாமல் விடும்போது. வெற்றுத்தாளிலே கையொப்பம் கேட்கும்போது. வாங்கிய பணத்துக்குப் பற்றுச்சீட்டும் இல்லை, கணக்கும் இல்லை என்னும்போது. எதிர்த்தரப்பாரின் காரியத்தையும் அவரே பார்க்கிறார் என்று தெரியவரும்போது. இவற்றிலே கடைசியானது ஒன்றே போதும். மற்றவை நேர்ந்தால் முதலில் நேரிற் கேளுங்கள். பின்பு கடிதத்திற் கேளுங்கள். கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கேட்டும் விடையில்லை என்றால் காத்திருப்பது பொறுமையன்று, சோம்பல்.

வள்ளுவர் "தெரிந்துதெளிதல்" என்ற அதிகாரத்தை முடிக்கும்போது, ஆராயாமல் நம்புவதையும், நம்பியபின் ஐயுறுவதையும் ஒன்றாகவே வைத்துக் கண்டிக்கிறார். எம்மவரிடம் இரண்டு பிழையும் உண்டு. முதல் ஐந்தாண்டு ஒரு கேள்வியும் கேளோம்; ஆறாம் ஆண்டில் ஒரே நாளில் எல்லாவற்றையும் சந்தேகிப்போம். இடையிலே விசாரித்தறியும் பழக்கம் வேண்டும்.

சரி, மாற்றுவதென்று தீர்மானித்தாயிற்று. எப்படி மாற்றுவது? 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 27ஆம் பிரிவிலே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. நாம் "புறொக்சி" என்று வழங்கும் நியமனப் பத்திரம் ஒருமுறை தாக்கலானால், அது தானாக விழுந்துவிடாது. கட்சிக்காரர் கையொப்பமிட்டு எழுத்தில் ரத்துச் செய்ய வேண்டும். பழைய சட்டத்தரணிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். அதுவரை ஏட்டிலே இருப்பவர் அவரே. ஒருவருக்கு ஒரே வேளையில் பதிவுபெற்ற சட்டத்தரணி இருவர் இருக்கமுடியாது. பழையது நிற்கப் புதியவர் கொடுக்கும் பத்திரத்துக்கு எதிர்த்தரப்பார் ஆட்சேபம் கிளப்புவர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நாம் நின்றது இந்த இடத்திலேதான்.

ஆகையால் முறை இதுவாகட்டும். முதலில், பழையவரை விலக்குமுன் நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பித்து, உரிய கட்டணம் செலுத்தி, வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறுங்கள். இரண்டாவதாக, அதைக் கொண்டுபோய்ப் புதியவரிடம் காட்டி, வழக்கை ஏற்பாரா, அடுத்த தவணைக்கு ஆயத்தமாவாரா, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். அவர் ஒப்பிய பின்பே பழையவரிடம் செல்லுங்கள். மூன்றாவதாக, மரியாதையோடு காரணத்தைச் சொல்லி, கட்டண நிலுவை இருந்தால் தீர்த்து, ரத்துப் பத்திரத்தில் அவருடைய சம்மதத்தையும் பெற முயலுங்கள். அறிவித்தலும் அனுமதியும் அதனால் எளிதாகும். மூல உறுதிகளை எண்ணி வாங்கிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். நான்காவதாக, ரத்தும் புதிய நியமனமும் ஒன்றன்பின் ஒன்றாக உடனே தாக்கலாகிவிட்டனவா என்று நீங்களே ஏட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஐந்தாவதாக, அடுத்த தவணைக்கு எவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போய் நில்லுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் பாதைப் படகுக்குக் காத்திருக்கும் சாட்டும் எமக்கு இல்லை!

எந்த வேளையிலே மாற்றுகிறோம் என்பதும் பெரிது. எதிராளியாக இருந்து தவணைக்குத் தவறினால் வழக்கு ஒருதலையாக விளங்கப்படும். அந்தத் தீர்ப்பாணை கையிற் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணங் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின்மேல் மேன்முறையீடு என்றால் அறிவித்தலுக்கு 14 நாள், மனுவுக்கு 60 நாள். இந்த நாட்களுக்குள்ளே சட்டத்தரணியை மாற்றுவது நடு ஆற்றில் தோணி மாறுவது போன்றது. மாறலாகாது என்பதில்லை, இரண்டு தோணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே மாறவேண்டும்.

நீதிமன்றம் மாறும்போது சட்டத்தரணி மாறுவது எவர்க்கும் அவமானமன்று. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பெரியோர்கள் அறிவார்கள். 1945இல் சென்னை ஐக்கோர்ட்டு விசாரணையில் ஆயுள் தண்டனை கிடைத்தது, மேன்முறையீடும் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனபோது அங்கே டி. என். பிரிட் வாதாடினார். அது சென்னைக்கே திரும்பி வந்தபோது வி. எல். எதிராஜ் வாதாடினார். 1947இல் இருவரும் விடுதலையானார்கள். வாதாடியவர் மாறினும் மாறாதிருந்தது ஒன்று: முதல் விசாரணையிலே ஏட்டில் பதிவான சாட்சியம். எந்தச் சட்டத்தரணி வந்தாலும் அவர் கையாளப்போவது அந்த ஏட்டையே. ஆதலால் ஏட்டை அறிந்து வைத்திருப்பது கட்சிக்காரரின் முதற் கடமை.

பணமில்லாதவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அது அமர்த்திய சட்டத்தரணியிடம் குறை கண்டால், தாமாக விலகிப் போகாமல் அந்த அலுவலகத்திலேயே முறையிட்டு மாற்றிக் கேளுங்கள். வஞ்சனையோ மோசடியோ நடந்ததென்றால் அது வெறும் மாற்றத்தோடு முடியும் காரியமன்று. சட்டத்தரணியை இடைநிறுத்தவும் பெயர் நீக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பிரதம நீதியரசருக்கு முறைப்பாடு எழுதலாம். ஆனால் கோபத்தை முறைப்பாடாக எழுதாதீர்கள், ஆதாரத்தை எழுதுங்கள்.

உறுதி தொலைந்துவிட்டது, பழையவர் தரவில்லை என்று மனமுடைய வேண்டியதும் இல்லை. நொத்தாரிசு தாம் முடித்த உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். அங்கே தேடிப் பிரதி பெறலாம்.

நிறைவாக இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பு சொல்லுகிறது. அப்படியிருந்தும் தம் வழக்கின் இலக்கத்தைக்கூட அறியாத போடியாரும் ஆச்சிமாரும் எம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ வழக்குள்ள ஒரு பெரியவரிடம் இந்தக் கிழமையே போங்கள். ஒரு கொப்பியை எடுத்து, வழக்கு இலக்கம், சட்டத்தரணியின் பெயர், சென்ற தவணையில் நடந்தது, அடுத்த தவணை, கொடுத்த பணம் ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பி இருந்தால் சட்டத்தரணியை மாற்றவேண்டுமா இல்லையா என்பதை அதுவே சொல்லிவிடும். மாற்றவேண்டி வந்தால் புதியவர் கையில் முதலிற் கொடுப்பதும் அதுவே. எமது வீட்டில் அப்படியொரு கொப்பி இருந்திருந்தால் அந்த இரண்டு போகம் போயிராது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பதறாத காரியம் சிதறாது. இவ்விரண்டையும் வழக்குக் கட்டின் மேலே எழுதி வைத்துக்கொள்வோம்.