கடலறிவைக் காக்கும் சிறு அறக்கட்டளைகள்



கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டை நம் மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். மீன் கூடும் இடம் அது. அலைக்கு நடுவே அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையிலே ஒரு கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு மலை முகடு. இரண்டும் ஒரே கோட்டில் வரும்வரை கட்டுமரத்தைச் செலுத்த வேண்டும். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள் அதேபோல் ஒன்றுசேர வேண்டும். இரு கோடுகளும் வெட்டிக்கொள்கிற இடத்தில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் பார் தட்டும். காகிதமோ கருவியோ கிடையாது. எல்லாம் மனக்கணக்கு.

இன்று அந்த மீனவரின் மகன் கையில் ஜி.பி.எஸ். இருக்கிறது. அவன் அதை நம்புவதில் தவறே இல்லை. ஆனால் அப்பாவின் அடையாளங்கள் மறக்கப்படும்போது, அந்தப் பாரின் பெயரும் போகிறது. எந்த மாதம் அங்கே என்ன மீன் வரும், எந்த நீரோட்டத்தில் வலை சிக்கும், கச்சான் என்னும் மேற்குக் காற்று எழும்போது ஏன் அங்கே நிற்கக் கூடாது என்பதெல்லாம் கூடவே போய்விடுகின்றன. இவற்றை அறிந்தவர்களில் பலர் எழுபது வயதைக் கடந்தவர்கள்.

இந்த அறிவைப் பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் சிறு குழுக்களும் தனிமனிதர்களும்தான். திருவனந்தபுரம் கடற்கரையில் ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்’ என்ற அமைப்பு, மூத்த மீனவர்கள் சொன்ன பார்களைத் தேடி மூழ்கிப் படம் பிடித்தது. பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி, மீனவர் பேச்சையும் பாட்டையும் காற்றில் ஏற்றுகிறது. குமரி மாவட்டத்து எழுத்தாளர் வறீதையா கான்ஸ்தந்தின், நெய்தல் மக்களின் வாழ்வைப் புத்தகம் புத்தகமாக எழுதி வருகிறார்.

இவர்களைப் போன்றவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு முறை பணம் நிறைய வந்தும் இதற்குப் பயன்படவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக்கு உதவி வெள்ளமாக வந்தது. பல ஊர்களில், இழந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த கட்டுமரம் அதன்பின் வேகமாக மறைந்தது. அந்தப் பணத்தில் ஊருக்கு ஒரு கட்டுமரத்தையாவது, அதைக் கட்டத் தெரிந்த ஒருவரின் கைத்திறனையாவது பாதுகாத்திருக்கலாம். அப்போது யாருக்கும் அது தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

இன்று இன்னொரு வழி இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமோ லாபமோ உள்ள நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பண்பாட்டு மரபைக் காப்பதும் அந்தப் பணிகளில் ஒன்று. ஆனால் அந்தப் பணத்தைப் பெற ஒரு அறக்கட்டளைக்குப் பதிவு எண், வரிவிலக்குச் சான்று, தணிக்கை அறிக்கை, மூன்று ஆண்டு அனுபவம் என்று பலவும் வேண்டும். நாலு பேர் கூடி நடத்தும் ஒரு குழு, பாட்டியின் பாட்டைப் பதிவு செய்யுமா, படிவம் நிரப்புமா? ஆகவே, உங்களில் கணக்குத் தணிக்கையாளர் யாராவது இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறை இப்படிப்பட்ட ஒரு குழுவின் கணக்கை இலவசமாகத் தணிக்கை செய்து கொடுங்கள். அதுவே பெரிய நன்கொடை.

பணம் கொடுப்பவர்கள் கட்டடத்துக்கும் திறப்பு விழாவுக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். மின்கட்டணத்துக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் யாரும் கொடுப்பதில்லை. மாதம் ஐந்நூறு ரூபாய் தவறாமல் வந்தால், ஒரு சிறு குழு அடுத்த மாதத்தைத் திட்டமிட முடியும். இன்னொன்று: ஒரு பெரியவர் நாள் முழுக்க உட்கார்ந்து தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார் என்றால், அந்த நாளுக்கு அவருக்குக் கூலி தரவேண்டும். அதையும் செலவுக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பெண்களை மறந்துவிடக் கூடாது. கருவாடு போட எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு, எத்தனை வெயில் என்று அறிந்தவர்கள் அவர்கள். தலைச்சுமையாக மீன் சுமந்து உள்நாட்டு ஊர்களுக்கு நடந்த வழிகள் அவர்களுக்குத்தான் தெரியும். பதிவுகளில் அவர்கள் குரல் மிகக் குறைவு.

ஒரு நிபந்தனையை மட்டும் நன்கொடையாளர்கள் தயங்காமல் வைக்கலாம். பதிவான ஒவ்வொரு பேச்சின் ஒரு பிரதி, சொன்னவர் பெயரோடும் ஊர்ப் பெயரோடும், அந்த ஊர்ப் பள்ளியிலோ படிப்பகத்திலோ இருக்கவேண்டும். பாரின் இருப்பிடம் போன்ற விவரங்களை வெளியிடலாமா என்பதை அந்த ஊரே முடிவு செய்யட்டும்.