கையடக்க விளையாட்டுக் கருவியும் சிறு கொம்பனிகளும்

(மன்றத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயமும் தமிழும் பேசப்படும் இம்மேடையில் விளையாட்டுக் கருவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் விஷயம் விளையாட்டன்று. நமது இளைஞரிற் சிலர் தாமே ஒரு சிறு கருவியைச் செய்து விற்கலாம் என எண்ணுகின்றனர். அதற்கு வேண்டிய முதலைத் தந்தையாரிடமும், கனடாவிலும் இலண்டனிலும் உள்ள மாமன்மாரிடமும் கேட்கவும் தொடங்கிவிட்டனர். கொடுக்கலாமா, கூடாதா என்று யோசிக்கும் பெரியோரும் இச்சபையில் இருக்கிறார்கள். இரு திறத்தாருக்கும் பயன்படுமென்று கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

கையடக்கக் கருவி என்று நாம் சொல்வது திரையும் பொத்தான்களும் பற்றறியும் ஒரே பெட்டிக்குள் அமைந்த சிறு கம்பியூட்டரை. இத்துறையிற் பெயர்பெற்ற யப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ, 1889 ஆம் ஆண்டிலே கியோட்டோ நகரில் விளையாட்டுச் சீட்டுச் செய்து விற்கும் சிறு தொழிலாகத் தொடங்கியது. (304 ஆடுவோர் இதைக் கேட்டு மகிழ்வார்களென நம்புகிறோம்.) சிறியோர் பெரியோராக முடியாதென்பதில்லை. ஆனால் அந்நிறுவனம் கேம் போய் என்னும் கருவியை 1989 இல் வெளியிட்டபோது அதற்கு வயது நூறு. பணமும், தொழிற்சாலைத் தொடர்பும், கடைக்காரரின் நம்பிக்கையும் அதனிடம் நிறைந்திருந்தன.

கேம் போயைச் செய்த குழுவின் தலைவர் குன்பே யொக்கோயி என்பவர். புதிதாய் வந்த விலையுயர்ந்த பகுதிகளை நாடாமல், பழகி மலிந்துபோன பகுதிகளையே புதுவழியிற் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே அதன் திரைக்கு நிறமில்லை. உள்ளிருந்து வெளிச்சமும் இல்லை. அதே 1989 இல் அற்றாரி என்னும் அமெரிக்க நிறுவனம் விற்ற லிங்ஸ் என்ற கருவியோ வர்ணத்திரையும் உள்வெளிச்சமும் கொண்டது. பார்வைக்கு லிங்ஸ் அரசகுமாரன் போலவும், கேம் போய் அதன் ஏவலாள் போலவும் இருந்தன. ஆனால் லிங்ஸுக்கு ஆறு பற்றறி போட்டால் நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துபோகும். கேம் போய் நான்கு பற்றறியில் பத்து மணிக்கு மேல் ஓடும். விலையிலும் ஏறக்குறைய பாதி.

பற்றறியின் அருமை நம்மூர்ப் பெரியோருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் மின்சாரமும் இல்லாமல், பற்றறி கொண்டுவரவும் தடையிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். எவ்வளவு ஒளிர்கிறது என்பதற்கு முன்னர் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. கேம் போயும் அதன் வர்ணத் தம்பியும் சேர்ந்து 11 கோடி 86 இலட்சத்துக்கு மேல் விலைப்பட்டன.

லிங்ஸைச் சிந்தித்து ஆக்கியது அற்றாரி அன்று. எப்பிக்ஸ் என்னும் சிறிய கொம்பனி. கருவியை வேலை செய்யுமளவுக்கு அவர்கள் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் இலட்சக்கணக்கிற் செய்து கடைக்கு அனுப்பும் பணம் அவர்களிடம் இல்லை. பெரிய நிறுவனங்களின் வாயிலிலே நின்று, கடைசியில் அற்றாரியிடம் ஒப்படைத்தார்கள். 1989 முடியுமுன்னரே எப்பிக்ஸ் வங்குரோத்தாயிற்று. தான் பெற்ற பிள்ளை கடைக்கு வந்த ஆண்டிலேயே தாய் மாண்டது என்று சொல்லலாம்.

இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. ஒரு கருவியைச் செய்வது வேறு. அதே கருவியைப் பத்தாயிரம் தடவை ஒரே மாதிரிச் செய்வது வேறு. மேசையிலே வைத்து ஒன்று செய்ய ஒரு கெட்டிக்கார மாணவனால் முடியும். இரண்டாவதற்கு உருக்கு அச்சு வேண்டும். பலகாரம் சுடும் அச்சை ஒருமுறை வாங்கினால் எத்தனை பலகாரமும் சுடலாம். பத்துப் பலகாரத்துக்காக அச்சு வாங்குபவன் நட்டப்படுவான். உதாரணத்திற்கு, அச்சுக்கும் மின்பலகை அமைப்புக்கும் சோதனைகளுக்கும் 50 இலட்சம் ரூபா செலவென்று வைத்துக்கொள்வோம். 500 கருவி செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 10,000 ரூபா விழும். 50,000 கருவி செய்தால் 100 ரூபாதான். பெரியவனும் சிறியவனும் ஒரே பொருளைச் செய்தாலும் விலை ஒன்றாகாமை இதனாலேயே.

இன்னும் ஒன்று. பெரிய நிறுவனம் கருவியை நட்டத்துக்கும் விற்கும். பின்னர் விளையாட்டுகளின் விற்பனையிலிருந்து அந்த நட்டத்தை எடுத்துக்கொள்ளும். 2011 இல் நிண்டெண்டோ தன் 3டீஎஸ் கருவி எதிர்பார்த்தபடி விலைப்படாததைக் கண்டு, அமெரிக்காவில் வெளியிட்டு ஐந்து மாதத்துக்குள் 249.99 டொலரிலிருந்து 169.99 டொலராக விலையை இறக்கியது. சிறு கொம்பனி அப்படி ஒருமுறை இறக்கினால் மறுமுறை எழும்பாது.

நமக்கு அண்மையிலே, நமது மொழியையும் பேசிய ஒரு கைக்கருவியின் கதையைச் சற்று விரிவாய்ச் சொல்ல விரும்புகிறோம். அது விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதன்று. ஆனால் அது பட்ட பாடு இதே பாடுதான். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்துப் பேராசிரியர் சிலரும் என்கோர் என்னும் கொம்பனியாரும் சேர்ந்து, கிராமத்தவரும் பயன்படுத்தக்கூடிய மலிவான கையடக்கக் கம்பியூட்டர் ஒன்றை அமைத்தார்கள். சிம்பியூட்டர் என்பது அதன் பெயர். மாதிரிக் கருவி 2001 ஏப்ரலிற் காட்டப்பட்டது. எழுத்தறியாதவருக்கும் உதவுமாறு இந்தி, கன்னடம், தமிழ் ஆகிய மொழிகளில் வாய்விட்டு வாசிக்கும் ஆற்றலும் அதற்கு அமைந்தது. விலை 9,000 இந்திய ரூபா அளவில் இருக்குமென்றார்கள். உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் புகழ்ந்தன.

புகழ்ச்சி வந்த வேகத்தில் பணம் வரவில்லை. கருவி செய்வோருக்கு முதலிட அன்றைய இந்தியப் பணக்காரர் முன்வருவது அரிதாயிருந்தது. பேராசிரியர்கள் தொடங்கிய பிக்கோபீற்றா என்ற சிறு கொம்பனி, அரசாங்கத் தொழிற்சாலையாகிய பாரத் எலக்றோனிக்ஸைத் துணைகொண்டு, அமிடா என்னும் பெயரில் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது 2004 ஏப்ரல் ஆகிவிட்டது. விலை 9,950 ரூபாவிலிருந்து வர்ணத்திரைக்கு 19,950 ரூபா வரை. கையைச் சாய்த்தால் கருவி அதை உணரும் வசதி அதில் இருந்தது. ஐபோன் வருவதற்கு மூன்றாண்டு முன்னரே இருந்தது என்பதை நமது இளைஞர் குறித்துக்கொள்ள வேண்டும். அறிவிலே அவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் மாதிரிக்கும் கடைக்கும் இடையிற் போன அந்த மூன்றாண்டிலே கைத்தொலைபேசி மலிந்து, ஊரெங்கும் பரவிவிட்டது. பல்லாயிரக்கணக்கில் விலைப்படுமென்று எதிர்பார்த்த கருவி 2005 வரையில் ஏறக்குறைய 4,000 தான் போனது. பேசும் கருவியைச் செய்தவர்கள் காலத்தோடு பேரம் பேச முடியவில்லை.

அது பழைய கதை, இன்று நிலைமை வேறு என்று ஒருவர் சொல்லலாம். ஓரளவு உண்மை. இன்று பகுதிகளைச் சீனத்திலிருந்து தபாலில் எடுப்பிக்கலாம். மக்களிடம் முன்பணம் வாங்கியும் செய்யலாம். ஆயினும் பண்டோரா என்னும் கருவியைச் செய்த சிறு குழுவினர் 2008 இல் முன்பணம் வாங்கி, 2010 மே மாதத்திலேதான் முதற் கருவிகளை அனுப்பத் தொடங்கினார்கள். அதற்குப் பின்னரும் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தவர்கள் உளர். முன்பணம் என்பது முதலன்று; கடன். ஊரவரிடம் வாங்கிய கடனென்றால் அதன் பாரம் இன்னும் பெரிது.

பானிக் என்ற அமெரிக்கக் கொம்பனியின் அனுபவம் இதைவிடப் படிப்பினை தருவது. 1997 முதல் மென்பொருள் செய்து நல்ல பெயரெடுத்த சிறு கொம்பனி அது. பிளேடேற் என்னும் மஞ்சள் நிறக் கருவியை 2019 மே மாதத்தில் அறிவித்தது. ஒரு பக்கத்தில் சுழற்றும் கைபிடியும், கறுப்பு வெள்ளைத் திரையும் உடையது. 2021 யூலையில் 20 நிமிடத்துக்குள் 20,000 கருவிக்கு மக்கள் பணங்கட்டினார்கள். இதற்குமேல் என்ன வேண்டும் என்பீர்கள். மலேசியத் தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் 5,000 கருவிகளிற் பற்றறிக் குறை தெரிந்தது. எல்லாவற்றையும் திருப்பியனுப்பிப் பற்றறி மாற்றினார்கள். அடுத்த தொகுதிக்கு மூளைச் சில்லு கேட்டபோது, 730 நாள் பொறுக்க வேண்டுமென்று பதில் வந்தது! பெரிய நிறுவனங்கள் வரிசையின் முன்னே நின்றபடியால் சிறியவனுக்கு மிஞ்சியது இரண்டாண்டுக் காத்திருப்பு. வேறு சில்லுக்கு ஏற்ப மின்பலகையைத் திருத்தி அமைத்தார்கள். முதற் கருவி வாங்கியவர் கைக்குப் போனது 2022 ஏப்ரலில். இவ்வளவையும் தாங்கியது ஏனெனில், மென்பொருளினால் வந்த சேமிப்பு அவர்களிடம் இருந்தது. கருவியோடு 24 விளையாட்டுகளையும் தாமே கொடுத்தார்கள்.

விளையாட்டுகளைப் பற்றிச் சொல்லாமற் போனால் பேச்சு அரைகுறையாகும். விளையாட்டில்லாத கருவியை வாங்குவாரில்லை. வாங்குவாரில்லாத கருவிக்கு விளையாட்டு எழுதுவாரில்லை. பணம் மட்டும் இருந்தால் இம்முடிச்சு அவிழுமா? கிஸ்மொண்டோ என்னும் கருவியை 2005 மார்ச்சில் இலண்டனில் வெளியிட்டவர்கள் ரீஜென்ற் வீதியிலே கடை திறந்து பணத்தை வாரியிறைத்தார்கள். அதே மாதம் நிண்டெண்டோவின் டீஎஸ் ஐரோப்பாவுக்கு வந்தது. கிஸ்மொண்டோ விலைப்பட்டது 25,000ஐயும் எட்டவில்லை என்பர். மறு ஆண்டிலேயே கொம்பனி கலைக்கப்பட்டது. இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஊதாரித்தனத்தின் கதை எங்கும் ஒன்றுதான்.

நம்மூர்க்கு வருவோம். இங்கிருந்து செய்பவனுக்கு வேறு இடையூறுகளும் உண்டு. கம்பியில்லாத் தொடர்புள்ள கருவியென்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். தனியாக வரும் லிதியம் பற்றறியைப் பயணிகள் விமானத்திற் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் உலகெங்கும் தடுக்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றிலும் கொடியது நாணய மாற்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தாண்டியது. பெப்ரவரியில் ரூபாவாக முன்பணம் வாங்கி, மே மாதத்தில் டொலராகப் பகுதி வாங்கப் போயிருந்தால் என்னவாகும் என்பதை வியாபாரம் செய்யும் பெரியோர் மனக்கணக்காகவே சொல்வர்.

கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்ற கருத்தை நாம் படித்த மிஷன் பள்ளிக்கூடத்து வேதபாடத்திற் கேட்டிருக்கிறோம். நமது வள்ளுவரும் தெரிந்துசெயல்வகை என்று அதற்கே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். கணக்குப் பார்ப்பதென்றால் செய்யாமல் விடுவதென்பது பொருளன்று.

ஆகவே முதல் கேட்கும் இளைஞருக்கு நாம் சொல்வது, பெட்டியிலே தொடங்காதீர்கள், விளையாட்டிலே தொடங்குங்கள் என்பதே. பெரியோரிடம் கேட்பதும் பெரிய தொகையன்று. ஆடுபோய் என்று ஒரு கருவி உண்டு. வங்கி அட்டையின் அளவுதான். 2015 இல் அதைச் செய்தவர் மக்களிடமிருந்து நான்கு இலட்சம் டொலருக்கு மேல் திரட்டி, சொன்னபடி செய்தும் கொடுத்தார். அது தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் ஆசையை ஒடுக்கியதுதான். ஒரு நேரத்தில் ஒரு விளையாட்டு. நிறமில்லாத, 128க்கு 64 புள்ளித் திரை. எங்கும் கிடைக்கும் மலிவான சில்லு. அதன் அமைப்பை யாவரும் பார்த்துப் பின்பற்றலாம். அதுபோன்ற நான்கு கருவிக்கு வேண்டிய பகுதிகளை வாங்கி, மன்றத்து மேசையிலே ஈயம் பற்றவைத்துச் செய்ய அனுமதி தருமாறு நிருவாக சபையைக் கேட்கிறோம்.

முதலில் எழுத எண்ணியிருப்பது 304 ஆட்டம். ஆளுக்கு எட்டுச் சீட்டு. 128 புள்ளி அகலத்தில் ஒரு சீட்டுக்குப் பதினாறு புள்ளி கிடைக்கும். இனம் தெரியும்படி வரையலாமென்றே தோன்றுகிறது. கவிழ்த்து வைத்த துரும்பை எங்கே காட்டுவதென்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. இந்தச் சபையிலே நன்றாக ஆடத் தெரிந்த பெரியோர் பலர் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்தபின் அவர்களோடு இருந்து பேச விரும்புகிறோம்.