செருப்புத் தைப்பவருக்கு யார் கிடைத்தார்?

ஷிஃப்ட் முடிந்து சீருடையோடே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைப்பாக்கம் சிப்காட் தோழர்களே,

இப்போது நாம் பார்த்த 'பூட் பாலிஷ்' 1954இல் வந்த இந்திப் படம். ராஜ் கபூர் தயாரித்து, பிரகாஷ் அரோரா இயக்கியது. பெற்றவர்கள் துணையில்லாத அண்ணனும் தங்கையும். வளர்ப்பவள் பிச்சையெடுக்கத் துரத்துகிறாள். பிள்ளைகளோ காசு சேர்த்து பிரஷும் பாலிஷும் வாங்குகின்றன. அப்புறம் பம்பாயில் மழை பிடித்துக்கொள்கிறது. சேற்றில் நடக்கிறவன் எவன் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவான்? பிழைப்பைக் கெடுத்தது மனுஷன் இல்லை, மழை! கெட்டிக்காரக் கதை. ஆனால் கடைசியில் ஒரு பணக்கார வீடு பிள்ளைகளைத் தத்தெடுக்கிறதே, அது எனக்கு ஒப்பவில்லை. பாலிஷ் பெட்டியைப் படமே கைகழுவிவிட்டது.

நம்ம பக்கம் வருவோம். 1971இல் ரிக்‌ஷா தொழிலாளிக்கு எம்.ஜி.ஆர். கிடைத்தார், 'ரிக்‌ஷாக்காரன்'. அதே வருஷம் சிவாஜியும் கிடைத்தார், 'பாபு'. 1995இல் ஆட்டோக்காரருக்கு ரஜினியே வந்துவிட்டார். செருப்புத் தைப்பவருக்கு யார் கிடைத்தார்? நாயகனின் வார் அறுந்தால் தைத்துக்கொடுக்கத் தெருமுனையில் ஒருவர் இருப்பார். காட்சி முடிந்தால் அவரும் முடிந்தார். அவருக்கு வீடு உண்டா, மகள் படிக்கிறாளா, கேமரா கேட்காது. ரிக்‌ஷாவைக் காட்டச் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை. தோலைத் தொட்டால் சொல்லியாக வேண்டும், அதுதான் சங்கடம். 2019இல் 'அசுரன்' சொன்னது: செருப்புப் போட்டு நடந்ததற்காக ஒரு பெண்ணை அடித்து, அதையே தலையில் சுமக்க வைக்கிறார்கள்.

பிழைப்பைக் கெடுக்கும் மழை இந்த ஊரில் வேறு மாதிரி. உங்கள் சேஃப்டி ஷூவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அச்சில் வார்த்து மேல்பாகத்தோடு சேர்த்த பி.யு. சோல். நாள்பட்டால் பொடிப்பொடியாக உதிரும். குத்தூசி இறக்கினால் நூல் பிடிக்காது. ஸ்ரீபெரும்புதூரில் குடையடியில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? சுற்றி ஒரு தையல் போட்டு, "கொஞ்ச நாள் தாங்கும்பா" என்பார். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்பு சொல்லித்தர மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது. அவர் மகள் அங்கே சேர்ந்தாள் என்று கதை எழுதிப் பாருங்கள், தத்தெடுக்கப் பணக்காரர் தேவைப்படமாட்டார்.

ஃபோனிலேயே குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். செருப்புத் தைப்பவரைப் படம் பிடிக்கப் போனால் அன்றைய வியாபாரம் கெடும். அந்த நாள் கூலியை முதலில் கையில் கொடுங்கள். 'ஆக்‌ஷன்' அப்புறம் சொல்லலாம்.