வானம் பார்த்த பூமிக்கு ஒரு வீரநாயகி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



எஞ்சினியர் ஒருத்தரை மேடையேற்றினால் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் பேச வந்தது சித்திரக்கதை பற்றி. நம்ம பாஷையில் காமிக்ஸ். அதிலும் ஒரு பெண்ணை வீரநாயகியாக வைத்து, எந்தப் பெரிய கம்பெனியையும் நம்பாமல், சொந்தமாக ஒரு காமிக்ஸ் கொண்டுவருவது பற்றி. பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் தமிழ்க் காமிக்ஸின் தலைநகரம் எது என்று யாராவது கேட்டால் சென்னை என்று சொல்லிவிடாதீர்கள். நம்ம மாவட்டத்துச் சிவகாசிதான் அது.

1972-இல் சௌந்தரபாண்டியன் அவர்கள் சிவகாசியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. இங்கே நரைத்த தலைகள் பல ஆடுவதைப் பார்க்கிறேன்! 1984-இல் அவருடைய மகன் விஜயன் அவர்கள் லயன் காமிக்ஸ் தொடங்கினார். அதன் முதல் இதழின் நாயகி யார் தெரியுமா? மாடஸ்டி பிளைசி. ஒரு பெண். துப்பாக்கி பிடிப்பாள், சுவர் ஏறுவாள், ஆம்பளைகளை அடித்துப் போடுவாள், வேலை முடிந்ததும் யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்து போவாள். பெட்டிக்கடையில் தொங்கிய அந்தப் புத்தகத்தை அன்றைக்கு எத்தனை அண்ணன்மார்கள் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்திருப்பார்கள்! வீட்டில் இருந்த அக்காமார்களும் படித்தார்கள். அவர்கள் அதை வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாடஸ்டி எப்படிப் பிறந்தாள் என்பது இன்றைய பேச்சுக்கு முக்கியம். அவளை உருவாக்கியவர் பீட்டர் ஓ'டானல் என்ற ஆங்கிலேயர். 1942-இல், உலகப் போர் நடந்தபோது, பாரசீகத்தின் வடபகுதியில் ராணுவத்தில் இருந்தார். ஒருநாள் அகதிச் சிறுமி ஒருத்தி தன்னந்தனியாக நடந்து வந்தாளாம். கட்டையில் ஆணியைக் கட்டி ஆயுதமாக வைத்திருந்தாள். சிப்பாய்கள் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டாள், ஒரு சிரிப்புச் சிரித்தாள், தன் வழியே போய்விட்டாள். அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று அவருக்குத் தெரியாது, ஆனால் மறக்கவும் முடியவில்லை. இருபது வருஷம் கழித்து ஒரு நாயகி வேண்டும் என்று யோசித்தபோது அந்தச் சிறுமி வளர்ந்து வந்து நின்றாள். 1963-இல் லண்டன் பத்திரிகையில் மாடஸ்டி தொடராக ஆரம்பித்தாள். அமெரிக்காவின் வொண்டர் உமன் 1941-லேயே வந்துவிட்டாள் என்பது உண்மைதான். அவள் தீவில் பிறந்த இளவரசி, தேவதைகளின் வரம் வாங்கியவள். எனக்கென்னவோ ஆணி கட்டிய கட்டையோடு வந்தவள்தான் நம்ம ஊர்க்காரி மாதிரித் தெரிகிறாள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாடே தெருவில் இறங்கியது. அப்போது டெல்லியில் இருந்த ராம் தேவினேனி என்ற ஆவணப்பட இயக்குநர், ஒரு போலீஸ்காரரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். நல்ல குடும்பத்துப் பெண் ராத்திரியில் தனியாக ஏன் போகிறாள் என்ற அர்த்தத்தில் பதில் வந்தது. தேவினேனிக்கு அந்த இடத்தில் பொறி தட்டியது. சட்டத்தை மாற்றலாம், தண்டனையைக் கூட்டலாம், ஆனால் இந்தப் பேச்சை என்ன செய்வது? இதைச் சின்னப் பிள்ளைகளிடமிருந்தே மாற்ற வேண்டும் என்றால் அவர்கள் கையில் எடுக்கிற பொருளாக இருக்க வேண்டும். டேன் கோல்ட்மேன் என்ற ஓவியரைச் சேர்த்துக்கொண்டு அவர் கொண்டுவந்ததுதான் 'பிரியாஸ் சக்தி'. 2014 டிசம்பரில் மும்பை காமிக் கான் விழாவில் வெளிவந்தது.

கதை இதுதான். பிரியா ஒரு கிராமத்துப் பெண். படிக்க ஆசைப்பட்டவள். வன்கொடுமைக்கு ஆளாகிறாள். வீட்டுக்கு வந்து சொன்னால், வீடு அவளையே குற்றவாளியாக்கி வெளியே அனுப்புகிறது. காட்டுக்குப் போகிறாள். புலி ஒன்று அவளைத் துரத்துகிறது. பார்வதி துணை நிற்க, பயந்து ஓடியவள் திரும்பி நிற்கிறாள், புலி அவளுக்கு வாகனமாகிறது. புலியின் பெயர் சாஹஸ், அதாவது துணிச்சல். அந்தப் புலிமேல் ஏறி அவள் எங்கே போகிறாள்? வில்லனைக் கொல்லவா? இல்லை. தன்னைத் துரத்திய அதே ஊருக்கு வருகிறாள், பேச.

அடுத்து 2016-இல் 'பிரியாஸ் மிரர்' வந்தது, அமில வீச்சில் பாதிக்கப்பட்ட பெண்களைப் பற்றி. பாரோமிதா வோரா அதன் எழுத்தில் சேர்ந்தார். பிழைத்து வந்த பெண்களிடமே கேட்டு எழுதினார்கள். 2019-இல் மூன்றாவது, பெண் கடத்தல் பற்றி. இவையெல்லாம் கணினியில் இலவசமாகவே கிடைத்தன. படத்தின்மேல் கைப்பேசியைப் பிடித்தால் அசையும் படங்கள் தெரியும் வித்தையும் வைத்திருந்தார்கள். நம்ம பையன்களுக்கு அந்த வித்தைதான் முதலில் பிடிக்கும், எனக்குத் தெரியும். எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு. பிரியாவின் முதல் எதிரி அந்த நாலு பேர் இல்லை, ஊர் வாய். அதை எதிர்க்கப் பறக்கத் தெரிந்தால் போதாது.

என் வகுப்பில் ஒரு தோழி படித்தாள். பெயர் வேண்டாம். கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டி. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். இரண்டாம் வருஷம் பாதியில் நின்றுவிட்டாள். பஸ்ஸில் ஒருத்தன் தினமும் வம்பு பண்ணியிருக்கிறான், பொறுக்க முடியாமல் வீட்டில் சொல்லியிருக்கிறாள். மறுநாளிலிருந்து பஸ் வந்தது, அவனும் வந்தான், அவள் மட்டும் வரவில்லை. அடுத்த ஆவணியில் கல்யாணம். இந்தக் கூட்டத்தில் இருக்கும் தங்கைகளே, உங்களில் எத்தனை பேர் இந்த பயத்தாலேயே வீட்டில் வாய் திறக்காமல் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

நம்ம ஊர்க் கதைகளில் வீரப்பெண்கள் இல்லையா என்று பேராசிரியர் ஒருவர் காலையில் என்னிடம் கேட்டார். உண்டு ஐயா, நிறைய உண்டு. பக்கத்துச் சிவகங்கையில் வேலு நாச்சியார் கணவரை 1772-இல் கம்பெனிப் படையிடம் பறிகொடுத்து, எட்டு வருஷம் மறைந்து வாழ்ந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780-இல் சீமையை மீட்டார். ஆனால் அவர் அரசி. சாமானியப் பெண்ணுக்கு நம்ம கதைகள் என்ன இடம் கொடுத்தன என்று பாருங்கள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் பசியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அண்ணியின் கொடுமை தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள். அதன் பிறகுதான் கோயில், அதன் பிறகுதான் பொங்கல். நம்ம பக்கத்துச் சிறு தெய்வங்களில் எத்தனையோ அம்மன்களின் கதை இப்படித்தான். கொல்லப்பட்டவள், நெருப்பில் இறங்கியவள், கிணற்றில் விழுந்தவள். சாகும் வரைக்கும் ஒரு வாய் சோறு இல்லை, செத்த பிறகு கிடா வெட்டு. அநியாயத்துக்கு ஆளான பெண் உயிரோடு ஊருக்குத் திரும்பி வந்து, தலை நிமிர்ந்து நிற்கிற கதை நம்மிடம் எத்தனை இருக்கிறது? எண்ணிப் பார்த்தேன், ஒரு கைவிரல் மிச்சமாகிறது. அதனால்தான் நமக்கு ஒரு சொந்த நாயகி வேண்டும் என்கிறேன்.

அவள் எப்படி இருப்பாள்? முதலில் அந்தத் தோளில் தொங்கும் துணி, கேப் என்பார்களே, அது வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு சீமைக் கருவேலங்காட்டுக்குள் நுழைந்தால் நாலு எட்டில் முள் பிடித்து இழுத்துவிடும். கரிமூட்டத்தில் வேலை செய்யும் நம்ம அம்மாக்களைப் பார்த்திருக்கிறீர்களா? சேலைக்கு மேலே வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. முள்ளுக்கும் வெயிலுக்கும் தீப்பொறிக்கும் ஏற்ற உடை. அமெரிக்க ஓவியர்கள் ஐம்பது வருஷம் யோசித்தாலும் இவ்வளவு பொருத்தமான ஒரு உடையைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். என் கணக்கில் நம்ம நாயகியின் சீருடை அதுதான். வாகனம் புலியாக இருக்க முடியாது, குண்டாற்றங்கரையில் புலிக்கு வேலை இல்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் நடந்தே வருகிறவளாக இருக்கட்டும். சக்தி என்ன என்பதை நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர்கள் தங்கைகள். பிரியாவிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறை, அவளுக்குத் தைரியம் வர பார்வதி இறங்கி வர வேண்டியிருந்தது. நம்ம ஆளுக்குப் பக்கத்து வீட்டு அக்கா போதும் என்று தோன்றுகிறது. இது என் அபிப்பிராயம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

சரி, காசு? வேலை? எஞ்சினியர் புத்தி இங்கேதான் பயன்படும். முப்பத்திரண்டு பக்கப் புத்தகம், பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்றால் நூற்று அறுபது கட்டம். வேலை முடித்து வந்து ராத்திரிக்கு மூன்று கட்டம் வரைந்தால் பென்சில் வேலை ஐம்பத்து நாலு ராத்திரி. மை, வண்ணம், எழுத்து எல்லாம் சேர்த்தால் ஆறேழு மாதம். ஒரு செமஸ்டரை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். எழுத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. படத்தை முடித்துவிட்டுக் கடைசியில் பேச்சுக் குமிழி போடலாம் என்று விடாதீர்கள். 'போகவேண்டியதில்லை' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னாலே பாதிக் கட்டம் போய்விடும், நம்ம தமிழ் அப்படி. முதலில் வசனம் எழுதி, இடம் விட்டு, பிறகு வரையுங்கள்.

அச்சுக்கு நாம் வெளியூர் போக வேண்டாம். ஆஃப்செட்டில் ஒரு ஷீட்டின் ஒரு புறத்தில் எட்டுப் பக்கம், இரு புறமும் சேர்த்துப் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்திரண்டு பக்கத்துக்கு இரண்டு ஃபாரம், நாலு புறம். நாலு வண்ணம் என்றால் பதினாறு பிளேட், கறுப்பு மட்டும் என்றால் நாலே பிளேட். நூறு பிரதி அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். ஆகவே உள்பக்கம் கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும் வண்ணம். சின்ன வயதில் நாம் படித்து வளர்ந்ததும் அப்படித்தானே? நூறு, இருநூறு பிரதிதான் என்றால் பிளேட்டே இல்லாத டிஜிட்டல் அச்சு லாபம். முன்கூட்டியே சந்தா வாங்கி அடிக்கிற வழியைச் சிவகாசிக்காரர்களே நமக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சூப்பர்மேனை உருவாக்கிய இரண்டு இளைஞர்கள் 1938-இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அதற்காகவே வழக்கு நடத்தினார்கள். யார் கதை எழுதினார், யார் வரைந்தார், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முதல் கோடு போடும் முன்னால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர்கள் என்றால் கட்டாயம் போடுங்கள். சொந்த வெளியீடு என்பதில் 'சொந்த' என்ற சொல்லுக்கு அர்த்தம் அதுதான்.

நேரமாகிறது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வரையத் தெரிந்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள், இரண்டும் தெரியாமல் பஸ்ஸில் நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரிந்த தங்கைகள், சாப்பாட்டுக்குப் பிறகு பழைய பட்டறைக்கு முன்னால் உள்ள வேப்பமரத்தடிக்கு வாருங்கள். நோட்டும் பென்சிலும் கொண்டு வந்திருக்கிறேன். முதல் இருநூறு பிரதிக்கான அச்சுச் செலவு என் வகுப்பு நண்பர்கள் மூன்று பேரும் நானும் ஏற்றுக்கொண்டது. கதையில் நாங்கள் கைவைக்க மாட்டோம்.