சோதிக்காத அறைகள்

இன்று சினானோ என்னும் ஜப்பானியக் கப்பலைப் பற்றிப் பார்ப்போம். 1940இல் யொக்கோசுக்காவில் யமாத்தோ வகைப் போர்க்கப்பலாகக் கட்டத் தொடங்கினார்கள். 1942இல் மிட்வே சண்டையில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கிவிடவே, பாதி கட்டிய இதையும் விமானந்தாங்கியாக மாற்றினார்கள். ஒரே அவசரம்! தண்ணீர் புகாத அறைகளைக் காற்றடைத்துச் சோதிக்கவில்லை. சில கதவுகளைப் பொருத்தவேயில்லை. மிச்ச வேலைக்காகத் தொழிலாளர்களையும் ஏற்றிக்கொண்டு, 1944 நவம்பர் 28இல் குரே துறைமுகத்துக்குப் புறப்பட்டது. மறுநாள் விடியுமுன், ஆர்ச்சர்ஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் நான்கு டார்பிடோ குண்டுகள் தாக்கின. இவ்வளவு பெரிய கப்பல் தாங்கும் என்று நம்பி ஓட்டத்தை நிறுத்தவில்லை. தண்ணீரோ அறை அறையாக ஏறியது. குற்றம் குண்டில் பாதி, அவசரத்தில் பாதி என்றே நாம் நினைக்கிறோம். ஏழு மணி நேரத்துக்குப்பின் கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. மாண்ட 1,400க்கு மேற்பட்டோரில் அந்தத் தொழிலாளர்களும் உண்டு. கடற்படையில் சேர்ந்து அப்போது பத்து நாள்தான்.