தொட்டி மாற்றும்போது

பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் செழிக்கும் செம்மண்தான் நம் நெய்வேலியிலும். தரையில் அது நல்ல மண்; தொட்டிக்குள் அதை மட்டும் நிரப்பினால் நாளடைவில் இறுகிவிடும். ஐப்பசி மழையில் பால்கனி மணி பிளான்ட் வேரழுகுவது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டு பங்கு செம்மண்ணுக்கு, அலசிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் மணல் சேருங்கள். 6 அங்குலத் தொட்டிச் செடிக்கு அடுத்து 8 அங்குலம் போதும். "வளரத்தானே போகுது" என்று அண்டாவில் வைக்காதீர்கள். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். அடியில் ஜல்லி பரப்புவதும் வீண் வேலை, ஓட்டை அடையாமல் இருந்தால் சரி. மண் தொட்டி சீக்கிரம் காயும். பிளாஸ்டிக் என்றால் தண்ணீரைக் குறையுங்கள். அடித்தட்டில் தேங்குவதை அன்றன்றே கொட்டிவிடுங்கள். கொசு முட்டையிடுவதும் அங்கேதான்.