முடித்தவருக்கே முடியும்



“முடி” என்ற சொல்லைப் பற்றிச் சில வார்த்தைகள். “வேலை முடிந்தது” என்றால் நிறைவேறியது. “என்னால் முடியும்” என்றால் ஆற்றல் உண்டு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்!

இலக்கணத்தில் “படித்தான்” வினைமுற்று, “படித்து” வினையெச்சம். எச்சம் என்றால் மிச்சம். அந்தச் சொல்லையே வைத்து வள்ளுவர் 674ஆம் குறளில் எச்சரிக்கிறார்: அரைகுறையாக விட்ட வேலை, அணைக்காமல் விட்ட நெருப்பு மாதிரி பின்னால் கெடுக்குமாம்.

ஜொகூரில் பால்மரம் வெட்டிய பெற்றோருக்கு இது தெரியாததா? மரம் வெட்டியதும் வீட்டுக்குப் போய்விடலாமா? பால் வடிந்ததும் கோப்பை கோப்பையாக எடுத்து, நிறுவை போட்டால்தானே வேலை முடிஞ்சுது! விட்டால் கோப்பையிலேயே உறைந்து கட்டியாகிவிடும்.

பிள்ளைகள் படிப்பும் அப்படித்தான். ஆறாம் ஆண்டு வெறும் வெட்டுத்தான்; ஐந்தாம் படிவம்வரை பாலெடுக்க வேண்டும். என்னிடம் படித்த கெட்டிக்காரப் பையன் ஒருவன் இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டான். அவன் இன்னும் என் மனத்தில் ஒரு வினையெச்சம். பெற்றோர்களே, இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

மாணவர்களே, “முடியாது சார்” என்று சொல்லுமுன், தொடங்கிய ஒரு பாடத்தையாவது முடித்துப் பாருங்கள். முடித்தவர் வாயில்தான் “முடியும்” என்ற சொல் வரும்.